மதிலுக்கு இந்தப் பக்கம்

காவலர்: …அதெல்லாம் சரி சார், கேமராவை முதல்ல கீழ இறக்குங்க.

கேமராக்காரர்: இறக்கிட்டேன். எந்தச் சட்டத்துல தப்புன்னு சொல்லிட்டு இறக்கச் சொல்லியிருக்கலாம்.

காவலர்: போர்டு பாக்கலையா? 'படம் எடுக்கக் கூடாது'ன்னு இவ்வளவு பெருசா…

கேமராக்காரர்: அது ஏர்போர்ட்டுக்கு உள்ள இருக்கிறவங்களுக்கு. நான் நிக்கிறது ரோடு. செக்போஸ்டை எடுத்தா கேளுங்க, ரன்வேயை எடுத்தா கேளுங்க. நான் எடுத்தது ஆகாயத்துல போறதை. அதுக்கு ஏது மதில்?

காவலர்: வக்கீலா?

கேமராக்காரர்: பாத்திரக்கடை. இதே இடத்துல உங்களுக்கு முன்னால நாலு பேர்கிட்ட மாட்டி, அவங்க புண்ணியத்துல பாதி சட்டம் படிச்சிட்டேன்.

காவலர்: மீதியை ஸ்டேஷன்ல படிக்கலாமா?

கேமராக்காரர்: தாராளமா. இன்னிக்கு எனக்கு வேற ஜோலி இல்ல… நீங்க ஏன் வாட்ச்சையே பாக்குறீங்க?

காவலர்: டூட்டி முடியிற நேரம். அந்தப் பெட்டில என்ன?

கேமராக்காரர்: லென்ஸ்.

காவலர்: திறங்க.

கேமராக்காரர்: பூட்டு கொஞ்சம் மக்கர்…

காவலர்: திறங்க சார்… ம். இதுவா லென்ஸு? இந்த சாக்ஸ்ல என் கட்டைவிரல்கூட நுழையாது.

கேமராக்காரர்: பேத்திக்கு. போன வாரந்தான் பொறந்தா. கடல் தாண்டி இருக்காங்க.

காவலர்: அப்போ பெட்டி ஏன் இங்க இருக்கு?

கேமராக்காரர்: …எடுத்த படத்தைக் காட்டட்டுமா? காலேஜ் காலத்துலேர்ந்து எடுக்குறேன். சத்தத்தை வச்சே எந்த பிளேன்னு சொல்லிடுவேன்.

காவலர்: காட்டுங்க… என்ன சார், இன்னிக்கு எடுத்ததெல்லாம் ஒரே பிளேன். அதுவும் கலங்கலா. இந்தக் கையை வச்சுக்கிட்டா காலேஜ்லேர்ந்து?

கேமராக்காரர்: கை ஆடிடுச்சு.

காவலர்: நீங்க எத்தனை தடவை பறந்திருக்கீங்க?

கேமராக்காரர்: சிரிக்கக் கூடாது.

காவலர்: சிரிக்கல.

கேமராக்காரர்: ஒரு தடவைகூட இல்ல. தண்ணித் தொட்டியைக் கழுவ மொட்டை மாடி ஏறினாலே எனக்குக் கால் தந்தியடிக்கும். ஆனா வீடு பூரா பிளேன் படம் மாட்டியிருக்கேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சொல்வாங்கல்ல… எனக்கு அந்தப் பூசாரி என் முழங்கால்.

காவலர்: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கும் முழங்கால்தானா?

கேமராக்காரர்: செக்கிங் வரிசை வரைக்கும் போனேன். வீட்டுக்காரி லேடீஸ் வரிசையில முன்னால போயிட்டா. என் முறை வந்துச்சு… பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். 'நீ போய் புள்ளையப் பாரு, நான் அப்புறமா வர்றேன்'னு போன்ல சொன்னேன். 'சரி'ன்னா. திட்டியிருந்தா தேவலை.

காவலர்: அப்போ அந்தக் கலங்கல் பிளேன்…

கேமராக்காரர்: அவ போனது. பேத்தியைப் பாக்க என் சீட்டு மட்டும் காலியா போகுது. அதையும் ரோட்ல நின்னு நானே படம் எடுத்திருக்கேன்… வெக்கமா இருக்குங்க. அழிக்கணுமா? அழிச்சுடுறேன். விடுங்க, வீட்டுக்குப் போறேன்.

காவலர்: விட முடியாது.

கேமராக்காரர்: அதான் ரோட்ல நின்னு எடுக்கலாம்னு சொன்னேனே…

காவலர்: எடுக்கலாமா கூடாதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார். உள்ள டூட்டியில இருந்த என்னை உங்க வீட்டம்மாதான் தேடி வந்து, 'மதில் வளைவுல கேமராவோட நிப்பாரு, என் பிளேன் போற வரைக்கும் படம் எடுக்க விடுங்க, அப்புறம் சட்டம் பேசுங்க, சட்டம் பேசினா இடத்தை விட்டு நகரமாட்டாரு'ன்னாங்க. சாயங்கால பிளேனுக்கு உங்க டிக்கெட்டை மாத்தியாச்சாம். இப்பதான் கவுண்டர் திறந்திருப்பாங்க. பெட்டியை மூடுங்க, போலாம்… ஜன்னலோரம் வேண்டாம்னு சொல்லி, நடு சீட்டா பாத்து வாங்கியிருக்காங்க.