எதுல வெச்சாலும் ஏழு

...பாலுல வெச்சா ஏழு, காப்பில வெச்சா ஏழு, பூனை குடிக்கிற தண்ணில வெச்சாலும் ஏழு. இத எப்படி தம்பி புளிப்ப அளக்குற பி.எச் மீட்டருன்னு விக்கிறீங்க? இந்த வோஸ் ஊர்ல வேற கடையா இல்ல?

இருங்க, டப்பாவ அப்புறம் பிரிக்கலாம். நான் சொல்றத முதல்ல கேளுங்க. எங்க வீட்டுல கிறிஸ்மஸ் பீர் காய்ச்சுறது எங்க வீட்டுக்காரர் ஷூர்தான். முளைகட்டின பார்லி, அதான் மால்ட், அதோட கூழ விரல்ல தொட்டு நாக்குல வெப்பாரு, ம்னு தலையாட்டுவாரு, முடிஞ்சுது. இந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டை வலி. நான் காய்ச்சுறேன்னேன். அதுக்கு என் நாத்தனா குட்வெய்க், சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும், "அண்ணி காய்ச்சட்டும், நாங்க பால் குடிச்சிக்கிறோம்"னுட்டா. அந்த ரோஷத்துலதான் இத வாங்கினேன். நாக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லும், எண்ணு ஒண்ணுதான சொல்லும்...

எங்க பக்கத்துல பீப்பா திறக்குற நாளுன்னா யாரையும் கூப்பிடவே வேண்டாம். தானா வந்து நிலவறையில உக்காந்துக்குவாங்க. ஒரே கிண்ணம், கை மாறி கை மாறி வரும். நல்லா இல்லன்னா யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவாங்க. அத விட நாலு அடி அடிக்கலாம். இன்னிக்குத்தான் தம்பி திறக்குறாங்க. காலையில ஒரு கரண்டி வாயில வெச்சேன்... கண்ணு ரெண்டும் தன்னால மூடிக்கிச்சு. அப்படி ஒரு புளிப்பு. ஷூர்கிட்ட சொல்லல. நேரா பஸ் ஏறிட்டேன். நீங்க அவருக்கு ஃபோன் போட்டு, குறை மீட்டர்லதான், உங்க மனைவிகிட்ட இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். குட்வெய்க் காதுல விழுற மாதிரி.

என்ன பண்ணேனா? எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். பானை அடியில வடிகட்டி மாதிரி ஜூனிப்பர் செடிக் கிளையப் பரப்பி, மேல மால்ட்டக் கொட்டி, அதே கிளை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணிய ஊத்திட்டு, மீட்டர உள்ள விட்டேன். புளிப்பு ஏற ஏற எண்ணு இறங்கும், அஞ்சரைக்குக் கீழ வரணும்னீங்க, ஆறு காட்டுச்சு. சரி, மேல ஒண்ணு கீழ ஒண்ணா இருக்கும்னு நல்லா ஒரு கலக்கு கலக்கினேன். ஏழுக்குப் போய் உக்காந்துக்கிச்சு. நீங்க குடுத்த லாக்டிக் ஆசிட்ட ஒரு கரண்டி விட்டேன். ஏழு. இன்னொரு கரண்டி. ஏழு. பாட்டிலே காலி, அது அசையல.

சரிபாத்தேனே. மீட்டரோட குடுத்த பாக்கெட்டுல ஏழுன்னு போட்ட பொடியத் தண்ணில கரைச்சு வெச்சேன், கரெக்டா ஏழு. நாலுன்னு போட்டத எதுக்குப் பிரிக்கணும்? ஏழு தெரிஞ்சதுக்கு நாலு தெரியாதா?

கிண்ணத்துல கொஞ்சமா எடுத்து, ஆறவெச்சுத்தான் பாக்கணுமா? பானையிலயே விடக் கூடாதா? காகிதத்துல எழுதியிருக்குங்கிறீங்க... அது எறும்பு எழுத்து தம்பி.

என்ன, மீட்டர் மூடியக் கழட்டி அப்படிப் பாக்குறீங்க? நுனியில குமிழா? ஆமா, பட்டாணி மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ்... வாங்கினப்ப இருந்துச்சே. பானைக்குள்ள விட்டப்பவும் இருந்துச்சு.

கலக்கினது எதாலயா? இதாலதான். கையில இதுதான இருந்துச்சு. அடியில ஜூனிப்பர் கிளை தட்டுப்பட்டுச்சு, கொஞ்சம் அழுத்தி...

ஐயோ. அந்தக் கண்ணாடி பீருக்கு உள்ளயா இருக்கு?

கிளை வடிகட்டியிருக்கும்னு சும்மா சொல்லாதீங்க. தூளா போயிருந்தா? இப்ப மணி என்ன? அந்த ஃபோன இங்க குடுங்க, நீங்க பேச வேண்டாம், நானே பேசுறேன்.

ஷூர்? கிண்ணத்த கீழ வைக்கச் சொல்லு. எல்லாரையும். காரணம் அப்புறம், பீப்பாய மூடு... குடிச்சிட்டாங்களா?

என்னது, துப்பிட்டாங்களா? முதல் வாயிலயேவா? முழுங்கவே இல்லயா, எல்லாருமா? குட்வெய்க்... அவதான் முதல்ல துப்பினாளா?

அவகிட்ட சொல்லு, ரொம்ப ரொம்ப நன்றின்னு. இல்ல ஷூர், குத்திக் காட்டல. நெசமாத்தான் சொல்றேன்.