வால் வெச்ச சைபர்

சத்தியமாச் சொல்றேன் சார், இதுல ஒரு சொல் பொய்னா என் ரெண்டு முழங்காலும் இப்பவே கழண்டு இந்த வராண்டாவுல உருண்டு போகட்டும். நீங்க வகுப்புக்குப் புதுசா? உங்களுக்கும் அதே படிவம்தானா? எழுதுங்க, எழுதுங்க. பதினாலாவது கேள்வியை மட்டும் காலியா விட்டுடாதீங்க. விட்டா என்ன ஆகும்னு என்னைப் பாருங்க. ஒரே ஆளா வந்தேன், அஞ்சு ஆளா ஆக்கிட்டாங்க.

உள்ள உக்காந்து படிவம் வாங்குறது யாருன்னு நினைக்கிறீங்க? என் மருமக. இந்த மூட்டுப் பயிற்சி வகுப்பால பிரயோஜனம் உண்டான்னு ஆராயறது அவதான். இருநூத்திப் பன்னெண்டு பேர், ஆளுக்கு ஒரு படிவம், இருபது கேள்வி. பதினாலாவது என்ன? ‘போன வாரம் வீட்டில் எத்தனை நாள் பயிற்சி செய்தீர்கள்?’ கேள்வியா சார் அது? என் மாமியார்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல.

அறுபத்தொரு பேர் அதுக்குப் பதிலே எழுதல. வெறும் கட்டம். ஆளையே தூக்கிப் போட மருமகளுக்கு மனசு வரல. இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்காம். மத்தவங்க எழுதினதைப் பாத்து, வயசு எடை எல்லாம் பாத்து, காலிக் கட்டத்துல இதுதான் இருந்திருக்கும்னு ஊகிச்சு நிரப்பிடுமாம். ஒரு தடவை ஊகிச்சா அதையே வேதவாக்கா நம்பிடுவோம்னு, அஞ்சு தடவை நிரப்பி அஞ்சு பிரதி குடுக்குமாம். அஞ்சும் ஒத்துப்போனா தைரியமாப் பேசலாம், அடிச்சிக்கிட்டா அடக்கி வாசிக்கணும். வீட்ல என்னை உக்கார வெச்சுத்தான் பேச்சு ஒத்திகை பாப்பா, அதனால எனக்கு எல்லாம் அத்துபடி.

படிவத்துல பேர் கிடையாது, எண் மட்டும்தான். என்னோடது எண்பத்தெட்டு. உதாரணம் காட்டறேன்னு அவ திரையில எடுத்ததும் எண்பத்தெட்டுதான், பாருங்க என் நேரத்தை. முதல் பிரதியில நான் மூணு நாள் செஞ்சிருக்கேன். ரெண்டாவதுல நாலே முக்கால். மூணாவதுல ரெண்டு. நாலாவதுல ஆறு, அவன் பயில்வான், அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. அஞ்சாவதுல... சிரிக்காதீங்க... கழித்தல் அரை நாள். செஞ்ச பயிற்சியில அரை நாளைத் திருப்பி வாங்கிட்டேன் போல. ‘சில சமயம் இப்படி அபத்தமா வரும் மாமா’ன்னா. நானும் ஆமாம்மான்னு தலையாட்டினேன். அஞ்சு பேர்ல அந்த அயோக்கியன் ஒருத்தன்தான் உண்மைக்குப் பக்கத்துல வந்தவன்.

இந்த லட்சணத்துல அவளோட வேலை பாக்குறவர் ஒருத்தர். அவசரக்குடுக்கைன்னுதான் நாங்க சொல்றது. அஞ்சையும் தனித்தனியா ஆராய்ஞ்சு கடைசியில முடிவுகளைச் சேக்கணும்னு இவ சொல்லிட்டுப் போயிருக்கா. அவர் ‘சேக்கணும்’கிறதை மட்டும் காதுல வாங்கிட்டு, அஞ்சு பிரதியையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கி ஒரே மூட்டையா சாஃப்ட்வேருக்கு ஊட்டிட்டார். இருநூத்திப் பன்னெண்டு பேர் ஆயிரத்து அறுபது பேரா ஆயிட்டோம். அத்தனை பேர் சாட்சி சொன்னா எதுதான் நிரூபணம் ஆகாது? பயிற்சி செஞ்சா மூட்டுவலி பஞ்சாப் பறக்கும், சந்தேகமே இல்லன்னு வந்துடுச்சு. மேலதிகாரி மருமகளைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடாத குறை. கூடத்துல நாற்காலி போடுறவர்தான் அறிக்கையைப் பாத்துட்டுக் கேட்டார், ‘ஆயிரத்து அறுபது பேரா? நான் போட்ட நாற்காலி போக மிச்சப்பேர் எங்க உக்காந்தாங்க?’ சபையே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல.

மறுபடி ஒழுங்காச் செஞ்சா. இது அஞ்சும் அதே ஆளுங்கதான்னு சாஃப்ட்வேருக்கு எடுத்துச் சொல்லி, தனித்தனியா ஓட்டி, சராசரி எடுத்து, அஞ்சும் எவ்வளவு அடிச்சிக்குதோ அதையும் சந்தேகத்துல ஏத்தி... கடைசியில என்ன? பலன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதைச் சொல்ல ரெண்டு வருஷமான்னு மேலதிகாரி கேட்டுட்டார். இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம். உறுதியா எதுவும் சொல்லலன்னா வகுப்பை மூடிட்டு, கூடத்துல பழைய அலமாரிகளை அடுக்கப் போறாங்க. மருமக காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. எனக்கும் நஷ்டம்தான். மூட்டுக்காகவா நான் வர்றேன்? வீட்ல நான் பேச ஆரம்பிச்சா சுவர்கூட எழுந்து போயிடும். இங்க எல்லாருக்கும் மூட்டுவலி, யாராலயும் சட்டுனு எழுந்து ஓட முடியாது.

அந்த அறுபத்தொரு பேர் ஏன் எழுதலன்னு கேக்குறீங்களா... கேக்கலையா? சரி, நானே சொல்றேன். நான் வீட்ல ஒரு நாள்கூட செஞ்சதில்ல. கதவைச் சாத்திட்டு, கட்டில்ல படுத்துக்கிட்டு, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னு சத்தமா எண்ணுவேன். வெளிய அவ சந்தோஷப்படுவா. படிவத்துல சைபர்னு எழுதினா மாட்டிக்குவேன். சைபர் போட்டா கீழ ஒரு வால் இழுத்துடுறது என் கையெழுத்து, அது அவளுக்கு நல்லாத் தெரியும். அதான் காலியா விட்டேன். விட்டவன் சும்மா இருந்தேனா? இதே பெஞ்சுல உக்காந்து, செய்யாதவங்க யாரும் எழுதாதீங்க, எழுதினா வீட்டுக்குத் தகவல் போகும்னு ஒரு புரளியைக் கிளப்பி விட்டேன். செஞ்சவங்க எழுதிட்டாங்க. செய்யாத மத்த அறுபது பேரும் காலியா விட்டாங்க. வாழ்க்கையில முதல் தடவையா என் பேச்சை அறுபது பேர் கேட்டாங்க சார்.

பாவம் அந்த மெஷின். படுத்துக் கிடந்தவனுக்கெல்லாம் மூணு நாள், நாலு நாள்னு தாராளமாப் போட்டுடுச்சு. இத்தனை செஞ்சும் இவங்க மூட்டு தேறலையேன்னு பழி பயிற்சி மேல விழுந்துடுச்சு. காலின்னா சைபர்னு ஒருத்தர் சொன்னாப் போதும், அவ புரிஞ்சுக்குவா.

இந்தச் சீட்டைப் பிடிங்க. மூணு நாளா ஒவ்வொருத்தர் சட்டையில குத்தியிருக்கற எண்ணைப் பாத்து, காதோட காதா விசாரிச்சு எழுதினது. அறுபத்தொரு எண், எதிர்ல அறுபத்தொரு சைபர். அதோ, உங்களைத்தான் கூப்பிடுறாங்க. படிவத்தோட இதையும் அவகிட்ட குடுத்துடுங்க. வராண்டாவுல கிடந்துதுன்னு சொல்லுங்க... ஏன் சிரிக்கிறீங்க? சைபருக்கு என்ன?

அடடா. அறுபத்தொண்ணுக்கும் வால் வெச்சிருக்கேனே.

திருத்த நேரமில்ல, ரெண்டாம் தடவை கூப்பிட்டுட்டாங்க. போங்க சார், மூணு மணிக்குள்ள அவ கைக்குப் போகணும். யார் குடுத்ததுன்னு கேட்டா ஊகிச்சுக்கச் சொல்லுங்க. அஞ்சு தடவை வேணும்னாலும் ஊகிச்சுக்கட்டும். உங்க வாயால மட்டும் நான்தான்னு வந்துடக் கூடாது.