பச்சை விளக்கு எரியும்வரை

உங்கள் கணினியின் பாஸ்வேர்டைத் திரையின் ஓரத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், ஐயா. முதல் வேலையாக அதைக் கிழித்துப் போடுங்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து கண்ணை உறுத்துகிறது. பதினெட்டு வருடமாக ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது.

சொந்தக்காரர்களில் யார் வெளிநாடு கிளம்பினாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். என் தங்கையும் அப்படித்தான் வந்தாள். அவள் வேலை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடிபட்டுக் கிடக்கும் பெண்களைத் தேடிப்பிடித்து ஊருக்கு அனுப்பிவைப்பாள். இந்த முறை ஆறு வாரம் அங்கே தங்க வேண்டும் என்றாள்.

"அண்ணா, நம்பகமா ஒரு விபிஎன் பார்த்துப் போட்டுக் குடு. போற எடத்து வைஃபையை நம்ப முடியாது. அந்தப் பொண்ணுங்க பேரு, எடம் எல்லாம் இதுலதான் இருக்கும். வெளிய தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாங்க."

விபிஎன் என்பது ஒரு சுரங்கப்பாதை மாதிரி. நாம் அனுப்புவதும் பெறுவதும் அதற்குள்ளேயே போய்வரும். வழியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாதையின் மறுமுனையில் இருப்பவன் யோக்கியனாக இருக்க வேண்டும். சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இலவசமாகக் கொடுப்பவனைத் தொடக் கூடாது. நாம் பார்ப்பதையெல்லாம் பதிவுசெய்து வைக்கிறானா, சுரங்கப்பாதை அறுந்தால் இணையமே நின்றுவிடுகிறதா என்று ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு நிறுவனங்களைச் சோதித்தேன். ஒன்று அருமையாக இருந்தது. அதை நான் போடவில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் கையில் தங்கையை ஒப்படைக்க மனம் வரவில்லை. என் அறை மூலையில் சும்மா கிடந்த பழைய கணினியையே மறுமுனையாக்கினேன். அவள் லேப்டாப்பில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு தெரியும்படி செய்தேன். "பச்சை எரிஞ்சா பயமே இல்ல. எரியலைன்னா நெட் தானா நின்னுடும்" என்றேன். அவளிடம் சொல்லாமல் லேப்டாப்புக்குள்ளும் என் புரோகிராம் ஒன்றைப் போட்டுவைத்தேன். அவள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு வந்துசேர்ந்தது. "நீ போட்டது, அப்புறம் என்ன கவலை" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள்.

அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். முதல் இரண்டு வாரம் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். தோழிக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். எனக்கு, 'சாப்பிட்டேன் அண்ணா.' அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்றும் தோழிக்கு எழுதியிருந்தாள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது ஆபத்தான ஊர் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைக்கவைக்க வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

பெயரில்லாமல் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். 'இன்று நீலச் சட்டை. மருந்துக் கடையில் பதினைந்து நிமிடம்.' எல்லாம் அவளே தோழிக்கு எழுதியதுதான்.

பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

"அண்ணா, யாரோ என் பின்னாடியே வர்றாங்க. என்ன சட்டை போட்டிருக்கேன்னு மெயில் வந்திருக்கு. லேப்டாப்புல ஏதாவது பூந்துடுச்சா?"

"பச்சை எரியுதா?"

"எரியுது."

"அப்போ லேப்டாப் இல்ல. நீ பதறாத. நான் இருக்கேன்ல."

அன்று ஒரு மணி நேரம் பேசினாள். சின்ன வயதில் இடி இடித்தால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், அதே குரல். அதனால் மறுநாளும் அனுப்பினேன். அதன் பிறகு தினமும் அழைத்தாள். கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே கிசுகிசுப்பாள். மூச்சு வாங்குவது கேட்கும். எனக்கே பயமாக இருந்தது, ஐயா. இப்படிப் பயப்படுகிறவளை எப்படி அங்கே விட்டுவைப்பது.

"கிளம்பி வந்துடும்மா" என்றேன்.

"எப்படிண்ணா வர்றது? ரெண்டு பேரு என் ரூம்லதான் ஒளிஞ்சிருக்காங்க. ஒருத்திக்குக் கை உடைஞ்சிருக்கு. ஒன்பது நாள்ல அவங்க பேப்பர் வந்துடும். அதுவரைக்கும் செத்தாலும் நகர மாட்டேன்."

அந்த இரண்டு பேரும் இல்லையென்றால் அவள் வந்துவிடுவாள். அவர்களை அங்கே வேலைக்கு அனுப்பி, இப்போது தேடிக்கொண்டிருந்த ஏஜென்சியின் மின்னஞ்சல் முகவரி அவள் கோப்பிலேயே இருந்தது. ஒரே ஒரு வரிதான் எழுதினேன். கட்டடம், மாடி, அறை எண், மாலை நான்கு மணி. நான்கு மணிக்கு அவள் ரொட்டி வாங்கப் போவாள். திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். அவள்மேல் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். முந்தின நாள் அவள் அழுதபோது, "இனிமே வெளியவே போகாத. நான் சொல்ற வரைக்கும் ரூமை விட்டு நகராத" என்று ஆறுதல் சொல்லியிருந்தேன். சின்ன வயதிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. அன்றைக்குக் கேட்டிருக்கிறாள்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு எனக்கு எழுதினாள். 'அண்ணா, கதவை ஒடைக்கிறாங்க. நாலஞ்சு பேரு. பச்சை எரியுதே அண்ணா, அப்புறம் எப்படி எடம் தெரிஞ்சுது?' பதில் எழுத ஆரம்பித்தேன். அதற்குள் இணைப்பு போய்விட்டது.

இன்றோடு நாற்பத்தொரு நாள். அந்த இரண்டு பெண்களும் எந்த நிலையில் கிடைத்தார்கள் என்று காலையில் படம் காட்டினீர்கள். மூன்றாவது படம் உங்களிடம் இல்லை. அப்படியென்றால் அவள் எங்கேயோ பத்திரமாக இருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மிரட்டியது நான். இடத்தைக் காட்டிக்கொடுத்ததும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என் அறையிலிருந்து கொண்டுவந்த பழைய கணினியை அதோ அந்த மூலையில் வைத்திருக்கிறார்கள். வயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். யாரையாவது மாட்டிவிடச் சொல்லுங்கள், ஐயா. அவள் லேப்டாப்பைத் திறக்கும்போது பச்சை எரியவில்லையென்றால் பயந்துவிடுவாள்.