மாமி ஓட்டிய வளைவு

என் கையெழுத்து மோசம், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில், ஈரக் காங்கிரீட்டில் கல் பதித்தது போல அச்சு வைக்கும் ரப்பர் பாய் சுருண்டிருந்தது.

"வூட்டுக்கார மாமியை ஸ்கூட்டர் ஓட்ட வச்சுத்தான் வளைவையே போட்டேன்" என்றார் அவர்.

"இன்னா மச்சி சொல்ற?"

"கேட்லேர்ந்து வாசப்படி வரைக்கும் வளைஞ்ச பாதை கேட்டாங்க. தண்ணி டியூப்பை வளைச்சு வளைச்சுக் காட்டுனேன், எதுவும் புடிக்கல. அப்பால டயரை நனைச்சு, எப்பவும் வர்ற மாதிரி வாங்க மாமின்னேன். அந்த ஈரத் தடத்து மேலயே சுண்ணாம்புக் கோடு போட்டுட்டேன்."

"புடிக்கலன்னு உடைக்கச் சொன்னா காலிடா! இப்பதான் சொந்தமா மொத வேலை எடுத்துகீற."

"இன்னிக்கு அச்சு வச்சு முடிச்சுட்டேன். மாமா வந்து பாத்துட்டு, 'யார் இப்படிக் கோணலா வளைச்சது?'ன்னு கேட்டாரு."

"ஐயய்யோ! நீ இன்னா சொன்ன?"

"மாமிதான் சொன்னாங்க, 'நான்தான் வளைச்சேன். ஏன், நன்னாத்தானே இருக்கு?'"

எழுதியது: தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.