நன்றி சொல்ல ஒரு நடை

உமையம்மாள்: ...செரி, கும்பிட்டாச்சு. இனி வந்த காரியத்தச் சொல்லும் உபதேசியாரே.

எலியா: சொல்லியாச்சே அம்மா. போன வருசம் நீங்க தந்த பிலாமரம் பெஞ்சாயிட்டு. பிள்ளையள் அதில இருந்துதான் படிக்குது. அதச் சொல்ல வந்தேன்.

உமையம்மாள்: அதுக்காக்கும் பாறசாலையில இருந்து இந்த வெயிலில நடந்தீரு?

எலியா: ஆமா.

உமையம்மாள்: எனக்கிட்ட பொய் சொல்லப்பிடாது, கேட்டீரா. திருவிழாவுக்குண்ணு எண்ணெ வாங்கினவன் திரும்பி வந்தானா? கல்யாணத்துக்குண்ணு நெல்லு வாங்கினவன்... இந்தப் படியேறி ஒண்ணும் கேக்காமப் போன ஆளு இதுவரைக்கும் இல்ல.

எலியா: நான் படி ஏறல்லியே அம்மா. முத்தத்திலல்லா நிக்கேன்.

உமையம்மாள்: வாய்க்கு ஒண்ணும் கொறவில்ல! ...பள்ளிக்கூடத்துக் கூரை எப்பிடி?

எலியா: ...உண்டு.

உமையம்மாள்: உண்டா? ஓலையெல்லாம் உளுத்து வானம் தெரியுதுண்ணு மோர் விக்க வாற விலாசினி சொன்னாளே!

எலியா: விலாசினிக்குக் கண்ணு கொஞ்சம் கூடுதலாக்கும்.

உமையம்மாள்: எடவப்பாதி மழைக்கு முன்ன மேயல்லைண்ணா பள்ளிக்கூடத்தப் பூட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவாமே. பின்ன ஏன் ஓய், வாயத் தொறந்து கேட்டா என்ன?

எலியா: நன்றி சொல்ல ஒரு நடை, கேக்க வேறொரு நடை. ரெண்டையும் சேத்தா...

உமையம்மாள்: சேத்தா?

எலியா: ஆரியங்கோட்டில ஒருத்தருட்ட சேத்துட்டேன் அம்மா. நல்லா நன்றி சொல்லிட்டு, கடைசியில ஓலை கேட்டேன். "ஓ, இதுக்காக்கும் இவ்வளவு கும்பிடு"ண்ணு சிரிச்சாரு. அந்த வெக்கம்... இப்பவும் மாறல்ல.

உமையம்மாள்: அப்ப எப்பம் கேப்பீரு?

எலியா: அடுத்த வாரம் வாறேன்.

உமையம்மாள்: அதுக்குள்ள மழை வந்துரும்! எனக்க அண்ணனும் வந்துருவாரு. பூதலிங்கம் பிள்ளையத் தெரியுமில்லா? பெண்பிள்ளைக்கு எழுத்து எதுக்குண்ணு சண்டை பிடிக்கிய மனுஷன். ஒரு ஈர்க்கில் தர விடமாட்டாரு. அவரு பூவாருக்குப் போன இந்த நேரத்தில கேளும்!

எலியா: இண்ணைக்கு மாட்டேன் அம்மா.

உமையம்மாள்: பிடிவாதத்தப் பாரு! ...ஆமா, ஊரு பூரா கேக்க நடக்கீரே, நீரு என்ன குடுத்தீரு?

எலியா: வீட்டு அடுக்களைக் கூரையப் பிரிச்சு, பள்ளிக்கூடத்தில ஒரு மூலைய மேஞ்சேன்.

உமையம்மாள்: அய்யோ! பெஞ்சாதி ஒண்ணும் சொல்லல்லியா?

எலியா: சொல்லுவா... கோடை மழையில குடை பிடிச்சிட்டு கஞ்சி வைக்கும்ப எல்லாம் சொல்லுவா.

உமையம்மாள்: சிரிக்க வைக்காதீரும் ஓய். ...கேளும். எனக்க அப்பா எனக்குண்ணு எழுதி வச்ச தெங்குக உண்டு. அதுக்க ஓலைக்கு யாருட்டயும் கேக்கண்டாம். முடைஞ்சு அடுக்கி வச்சிருக்கேன். நாளைக்குக் காலத்த வண்டி வரும்.

எலியா: அம்மா... நான் கேக்கவே இல்லியே!

உமையம்மாள்: கேக்காததுக்குத்தான்.

எலியா: அப்ப இதுக்கு நன்றிய இப்பமே...

உமையம்மாள்: சொல்லண்டாம். அதுக்குத்தான் வேற நடை உண்டே! ...பின்ன, அந்த நனையாத மூலையில யாரு இருக்கியது?

எலியா: விலாசினி கூட வாற பிள்ளை. அவ தங்கச்சி மகளாம். கணக்கில கெட்டிக்காரி.

உமையம்மாள்: கெட்டிக்காரியா! ...இல்ல, சும்மா கேட்டேன். எல்லாப் பிள்ளையளும் நனையும்ப மோர்க்காரி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்ன அப்பிடி ஒரு கவனிப்பு?

எலியா: உங்க மக அம்மிணி நனைஞ்ச பாவாடையோட வீட்டுக்கு வந்தா, எங்க போயிருந்தேண்ணு மாமா கேப்பாருல்லா அம்மா.