படி இறங்கும் வாக்கர்

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தோம். என் மனைவி, அவளுடைய தங்கை, என் தம்பி மகள், அவளுக்குப் பயிற்சி கொடுத்த உங்கள் நிறுவனத்தின் வழிகாட்டி, நான். எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான். வந்தவர்களை நிற்கவைத்துப் பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. உங்கள் விசாரணை அறிக்கையில் ‘மேலும் சிலர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி யாரும் இல்லை.

தம்பி போன பிறகு அவன் மகளை வளர்த்துப் படிக்க வைத்தது நான். பாலம் கட்டப் படிப்பாள் என்று நினைத்தேன். மனிதர்களை மையமாக வைத்துப் பொருள்களை வடிவமைக்கும் படிப்பு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“ஒரு பொருளச் செய்யறதுக்கு முன்னாடி, அது யாருக்கு வேணுமோ அவங்க வீட்ல போய் உட்காரணும் பெரியப்பா. அவங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்.”

“பாத்து?”

“பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“எதிர்வீட்டு அம்மா அதத்தானே பண்றாங்க. அவங்களுக்கு யாரும் டிகிரி குடுக்கலையே.”

சிரித்தாள். அவளிடம் எனக்குக் கோபமே வராது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருடம் உங்கள் சமூக நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கிருக்கும் ஒரு கஷ்டத்துக்கு வழி செய்ய வேண்டும். செய்த பொருள் சோதனையில் தேறினால் அங்கேயே வேலை. அவள் எங்கள் வீட்டைக் கேட்டாள். என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்தது; அவளால் நடக்க முடியவில்லை. நான் சரி என்றேன்.

நடக்க முடியவில்லை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழகினால் நடக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். பயிற்சி கொடுக்க ஒருவன் வந்தான். அவன் காலைப் பிடித்து மடக்க, இவள் வலியிலும் சிரித்துக்கொண்டிருந்தாள். சில நாளில் அவனை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு அவளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நானே. மனைவியைக் கவனிக்கவில்லை என்று என்னைப் பார்த்து ஒருவர் விரல் நீட்ட முடியாது.

அவளுடைய தங்கை அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கிறாள். புருஷன் வேண்டாமென்று வந்து தனியாக இருப்பவள். எங்கள் வாசல் ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தேன். என் மனைவி மத்தியான வேளைகளில் அங்கே போய்வருவது எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது நின்றது. நிறுத்தியது மூட்டு, நானல்ல.

வழிகாட்டி முதல்முறை வந்தபோது என் மனைவியின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். குளியலறைக்குக் கைப்பிடி செய்யலாம் என்று நினைத்து வந்திருந்தார்கள்.

“பாத்ரூம் போறது கஷ்டமா இருக்காம்மா?”

“அதுக்குத் தூக்கிட்டுப் போக ஆள் இருக்கு தம்பி. வெளிய போறதுக்குத்தான் ஆள் இல்ல.”

“எங்க போகணும்?”

“தங்கச்சி வீட்டுக்கு.”

“யாரு கூட்டிட்டுப் போகணும்?”

“யாரும் வேணாம். நானா போகணும். நானா திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா வரணும்.”

தம்பி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழிகாட்டி என் பக்கம் திரும்பி, “இதுதாங்க நாங்க தேடிட்டு இருந்தது” என்றார். என் வீட்டில், என் மனைவியின் வாயிலிருந்து, ஒரு அந்நியர் தேடியது கிடைத்துவிட்டது. நான் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் வாசலில் இரண்டு படிகள். சாதாரண வாக்கரை வைத்துப் படி இறங்க முடியாது. இவர்கள் செய்த வாக்கரில் முன்கால்கள் நீண்டு, கீழ்ப்படியில் ஊன்றும். நீண்ட காலைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய ஆணி. முதலில் மரத்தில் ஆணி செய்து, மணல்மூட்டையை ஏற்றிப் பார்த்தார்கள். முறிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சீக்கிரம் உடைந்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாமாம். பிறகு இரும்பில் செய்தார்கள். மிச்சமிருந்த மர ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு எங்கள் அலமாரியிலேயே விட்டுவிட்டார்கள். என்னையும் கூட்டாளி என்றார்கள். எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

“இந்த ஆணிதான் உயிர் பெரியப்பா. இது போச்சுன்னா எல்லாம் போச்சு.”

மத்தியானங்களில் தம்பி மகள் என் மனைவியை அறைக்குள் நடக்கப் பழக்கினாள். வாக்கரின் ரப்பர் கால் தரையில் பதியும் சத்தம் கூடத்தில் எனக்குக் கேட்கும். “பெரியம்மா, ரேஸ் ஓட்டாதீங்க!” என்பாள் அவள். “போடி, உன்ன முந்திடுவேன்” என்பாள் இவள். என்னிடம் இவள் அப்படிப் பேசிய நாள் எனக்கு நினைவில்லை.

சோதனைக்கு முந்தைய நாள் தம்பி மகள் என்னிடம் வந்தாள்.

“நாளைக்கு யாரும் பெரியம்மாவுக்குக் கைகொடுக்கக் கூடாது. தடுமாறினாகூட. நாம பிடிச்சிட்டா எங்க தப்பு வெளிய தெரியாது.”

“நீ கூடவா?”

“நான்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். கையப் பின்னாடி கட்டிக்குவேன்.”

“உங்க வழிகாட்டி?”

“அவரு இந்த விஷயத்துல இன்னும் மோசம். மூச்சுகூட விடமாட்டாரு.”

நல்ல ஒழுங்கு என்று பாராட்டினேன்.

காலையில் தம்பி மகள் குளிக்கப் போனபோது இரும்பு ஆணியைக் கழற்றி, மர ஆணியைச் செருகினேன். அதற்கு முன்பே ஷூ பாலிஷ் தேய்த்துக் கறுப்பாக்கி வைத்திருந்தேன். என் ஷூவுக்கு நானே பாலிஷ் போடுகிறவன். கை சுத்தமாக வரும்.

தங்கையைத் தம்பி மகளே அழைத்திருந்தாள். அவள் வாசலில் நின்று, “உள்ள வரலாமா அத்தான், இல்ல கேட்டுக்கு வெளிய நின்னு கைதட்டணுமா?” என்றாள்.

“வாம்மா, உட்காரு” என்றேன். அவளே ஆச்சரியப்பட்டாள்.

என் மனைவி நல்ல புடவை கட்டியிருந்தாள். கூடத்தைக் கடந்தாள். நிலைப்படியில் நின்று வெளியே பார்த்தாள். முதல் படியில் ஆணி தாங்கிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது படிக்கு முன்கால்களை இறக்கி, உடம்பின் பாரத்தைக் கொடுத்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தம்பி மகளின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்குவதைப் பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், எங்கள் ரத்தம். தங்கை எழுந்து ஓடி வந்தாள், ஆனால் அவளுடைய நாற்காலியை நான் தூரத்தில் போட்டிருந்தேன். மிக அருகில் நின்றது நான்தான். “என்னங்க” என்று என் மனைவி என் பக்கம் கை நீட்டினாள். நானும் விதியை மீறவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்தது. இனி நடக்க வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் நானே தலை வாரிவிடுகிறேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்கிறாள். அதனால் வாருவதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.

நான் பேசாமல் இருந்திருப்பேன். நீங்கள் எழுதிய ஒரு சொல் என்னை இங்கே வரவைத்தது. பழைய மர ஆணியை மாற்றிப் போட்டது பயிற்சி மாணவியின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவளை நீக்கிவிட்டீர்கள். இனி எந்த நிறுவனமும் அவளை எடுக்காது. அவளும் நம்பிவிட்டாள். “நான்தான் மாத்திப் போட்டிருப்பேன் பெரியப்பா” என்று என் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள். அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. கௌரவமான வேலை ஒன்றை நானே பார்த்து வைப்பேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் கவனமில்லாமல் செய்ததில்லை. அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ஆணியை மாற்றியது நான். அது முறியும் என்று தெரிந்து மாற்றினேன். யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு மாற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் மனைவியை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறேன் என்று அவள் தங்கை தையல்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அது பச்சைப் பொய். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. இன்று காலை நான் கிளம்பும்போதும் அது திறந்துதான் கிடந்தது.