மருந்து சாப்பிடாதவர்

சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் நாற்பது வயது மகனும். மகன் மடியில் கிளினிக் ஃபைல்.

“நீ டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போனப்ப டாக்டர் என்னைக் கேட்டாரு. நீ வயித்துல இருக்கையில மருந்தே சாப்பிட்டதில்லன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப தோட்டத்துல என்ன வேலம்மா பாத்தீங்க?”

“புல்லுக்கு மருந்து அடிச்சேன். ஏழு மாசம் வரைக்கும் முதுகுல பம்புதான்.”

“அதச் சொல்லலியா?”

“சாப்பிட்ட மருந்தத்தானே கேட்டாரு.”

மகன் குரலைத் தாழ்த்தினார். அப்படியும் எனக்குக் கேட்டது. “எனக்கு விந்தணு கொறைவா இருக்குன்னுதாம்மா அதக் கேட்டாரு. அது என்ன மருந்து?”

“யாருக்குத் தெரியும். டின்னுல மண்டையோடு படம் இருக்கும். வேலை வாங்குற மண்டோரு அத மருந்துன்னுதான் சொல்வாரு.”

இரண்டு ஸ்டாப் கடந்தன.

“கல்யாணமாகி பன்னெண்டு வருசமா புள்ளைக்குன்னு நாட்டு மருந்து வாங்கிக் குடுத்தீங்களே.”

“ஆமா.”

“அதெல்லாம் யாரும்மா குடிச்சது?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒன் பொண்டாட்டிதான்.”